உன் இஷ்டம்

மணிக்கட்டு முறிந்த வலி சில நாட்களில் அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அடங்கியும் விட்டது. ஆனால் தன் அடுப்பங்கரையில் வேறொரு ஆள் நடமாடுவதை, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறதே, அந்த வலிக்கு எந்த டாக்டரும் மாத்திரை எழுதித் தருவதில்லை.

அவள் விழுந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. உயரக் கொடியில் காய்ந்த துணியை எடுக்க, ஆடுகிற நாற்காலி என்று தெரிந்தே அதன்மேல் ஏறினாள். "ஏறாதம்மா, அது ஆடும்" என்று மகள் சொல்லி வாய் மூடுவதற்குள் விழுந்தும் விட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் வாலு. "நான் அப்பவே சொன்னேன்" என்பதை அந்த வாலு அன்றிலிருந்து பால்காரர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. வலது கை இல்லாமல் அந்த வேலையில் ஒன்றும் நடக்காது என்பதால் கடைக்கு லீவு போட்டாள். அடுப்புக்கும் லீவு போட வேண்டியதாயிற்று. அப்படித்தான் அவள் கணவர் கையில் வீட்டுக் கரண்டி வந்து சேர்ந்தது.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேண்டீனில் தலைமைச் சமையல்காரர். அந்தத் தெருவில் கேண்டீன்காரர் என்றால்தான் தெரியும். காலையிலிருந்து தீயில் நிற்கிற மனுஷனை வீட்டிலும் நிற்க வைப்பானேன் என்று அவள் இத்தனை வருஷமாக அவரை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவர் சொந்த வீட்டில் ஒரு முட்டையைக்கூட உடைத்துப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்.

நல்ல மனுஷன்தான். குடி இல்லை, கோபம் இல்லை, கைநீட்டல் இல்லை. ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். ஜன்னலுக்கு நீலத் துணியா பச்சைத் துணியா? உன் இஷ்டம். வாலுவை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம்? உன் இஷ்டம். கல்யாணத்துக்கு முன்னால், "நான் வேலையை விடமாட்டேன், பரவாயில்லையா?" என்று அவள் கேட்டபோதும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொன்னார். அப்போது அது தங்கமான குணமாகத் தெரிந்தது. வருஷம் போகப்போக, சுவரோடு குடும்பம் நடத்துவது போல ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணன் போன் செய்தார். "நாளைக்கு மத்தியானம் கார் எடுத்துட்டு வர்றேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நம்ம வீட்ல வந்து இரு. அண்ணி பாத்துக்குவா. பிள்ளைக்கும் லீவுதானே."

போனை வைத்துவிட்டு அவள் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் இஷ்டம்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம், தலை வாரிவிட அண்ணி இருக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் போக அவளுக்கு மனசே இல்லை. போகாதே என்று இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், குண்டுக்கட்டாகத் தூக்கினாலும் நகர மாட்டாள். வராவிட்டால் போகத்தான் போகிறாள். போனால் கட்டுப் பிரித்ததும் ஓடி வரப்போவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள். நம்மை வேண்டாதவர்களுக்கு நாமும் கொஞ்சம் வேண்டாதவர்களாக இருந்தால்தான் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கேண்டீன்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மச்சான் சாப்பிட வருகிறார் அல்லவா. கோழி சூப், உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி என்று திட்டம்.

"நாலு பேருக்குத்தாங்க" என்றாள் அவள், நாற்காலியிலிருந்து.

"தெரியும், தெரியும்."

அவருக்குத் தெரியும்தான். கைக்குத் தெரியவில்லை. கேண்டீனில் அவர் கிண்டுவது அண்டாவில். கரண்டி படகுத் துடுப்பு உயரம் இருக்கும். அந்தக் கை கேரட்டை எடுத்து வெட்டத் தொடங்கினால் யாராவது போதும் என்று சொல்கிறவரை நிற்காது. கண் மூடித் திறப்பதற்குள் பலகை மேல் ஒரு குவியல் எழுந்தது. அதன் பக்கத்தில் வெங்காயக் குவியல். உருளைக்கிழங்கு வைக்கப் பலகையில் இடம் இல்லாமல் பேப்பர் விரித்துத் தரைக்கு இறங்கியது.

"யாரு சாப்பிடறது இதையெல்லாம்?"

"குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றார் அவர், நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டு.

சூப் முதலில் நடுத்தரப் பாத்திரத்தில் கொதித்தது. காய் போட்டதும் பெரிய பாத்திரத்துக்கு மாறியது. உப்பு ஒரு பிடி விழுந்தது. கேண்டீன்காரர் நாக்கில் வைத்துப் பார்த்தார், முகம் ஒரு கோணலாகப் போயிற்று, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஊற்றியதால் சப்பென்று ஆனது, காய் போட்டார். காய் போட்டதால் உப்புப் போதவில்லை. இப்படியே சூப் வளர்ந்துகொண்டே போய், வீட்டிலேயே பெரிய பாத்திரத்திலும் விளிம்புவரை வந்துவிட்டது. வாலு ஓடிப்போய்க் குளிக்கிற வாளியைக் கொண்டுவந்து நீட்டியது. உதவி செய்கிறதாம்.

அவளுக்குக் கை துறுதுறுத்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்து, மனுஷனைத் தள்ளி நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, மூக்கு நுனியில் மாவோடு அவர் நிற்பதைப் பார்க்க ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. ஊருக்கே சமைக்கிறவர் நாலு பேரிடம் தோற்றுப்போகிறாரே.

அண்ணன் சரியாகப் பசி நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அதனால் எதிலும் அவசரம் கிடையாது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால்கூடப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார். யாராவது வேகமாக நடந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் அங்கே இருப்பதாக நினைத்து.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கேண்டீன்காரர் மட்டும் உட்காரவில்லை. கரண்டியோடு மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார். சூப் என்னவோ குடிக்கிற மாதிரி இருந்தது. வறுவல் நன்றாகவே இருந்தது. ஒரு குன்று அளவுக்கு இருந்தது என்பதுதான் பிரச்சினை. அண்ணன் ஒவ்வொரு துண்டாக மென்று, தலையாட்டி, மறுபடி மென்று சாப்பிட்டார். பாதித் தட்டு முடிந்ததும் தங்கச்சியிடம் பேச வேண்டியதைப் பேசிவிடலாம் என்று ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரும்மா..."

தட்டைக் காணோம்.

கேண்டீனில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு ஊதினால் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே ஒருவர் ஸ்பூனைக் கீழே வைத்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அந்த நொடியே தட்டு போய்விட வேண்டும். கேண்டீன்காரரின் கை, மூளையைக் கேட்காமலே, மச்சானின் தட்டை உருவி, மிச்சத்தைக் குப்பையில் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டது. அதோடு விட்டதா? ஈரத் துணியால் மேஜையை ஒரு இழுப்பு இழுத்து, கதவைப் பார்த்து, "அடுத்து!" என்று ஒரு குரலும் கொடுத்துவிட்டது.

கதவுப் பக்கம் யாரும் இல்லை. அண்ணனின் கை, ஸ்பூன் இருந்த இடத்தில் அந்தரத்தில் நின்றது. அவர் வலது கால் மேஜைக்கு அடியில் தரையை ஓங்கி அழுத்தியது.

"அப்பா, மாமா இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றது வாலு.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணனுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தப் போனால் வலது கை வளையவில்லை. மாவுக்கட்டு முகத்தில் இடித்தது. அடக்க அடக்கச் சிரிப்பு வயிற்றுக்குள் புகுந்து தோளைக் குலுக்கியது. குனிந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் மாலை மாலையாக வந்தது.

அண்ணன் பார்த்தார். தங்கச்சி குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எழுந்திரும்மா. போதும். நீ எப்படிக் கஷ்டப்படறேன்னு நேர்லயே பாத்துட்டேன். கிளம்பு."

"இல்லண்ணே, நான்..." என்று தொடங்கியவளுக்கு மறுபடி சிரிப்பு மூச்சை அடைத்தது.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

கேண்டீன்காரரும் அவள் கண்ணீரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அசடு அப்படியே உறைந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. இப்போது சொல்வார். இப்போதாவது சொல்வார்.

"அவ இஷ்டம் மச்சான்" என்றார்.

அழவில்லை, சிரித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்தாள்.

பையை அவரே கட்டினார். அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது: ஒரு கையால் போட்டுக்கொள்ளத் தோதான தளர்வான சட்டைகள், மாத்திரை, சீப்பு, வாலுவின் படப் புத்தகங்கள். இத்தனை அக்கறையாக அனுப்பி வைக்கிற மனுஷனை என்ன சொல்வது? தொலையட்டும் என்று தள்ளிவிட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வாலு பின் சீட்டில் ஏறிக்கொண்டது. அவள் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் சாவியைத் திருகிவிட்டு, வழக்கம்போல முதலில் ஒரு கண்ணாடியைச் சரி செய்தார், பிறகு இன்னொன்றை.

"பெல்ட் போட்டுக்கம்மா. போடாம வண்டி எடுக்க மாட்டேன்."

ஒரு கையால் போட முடியவில்லை. கேண்டீன்காரர் கதவைத் திறந்து குனிந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். அவரிடம் வெங்காய வாசனை அடித்தது. மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே கூடாது என்று வைராக்கியம்.

க்ளிக்.

பெல்ட் கழன்று அவள் தோளுக்கு மேலே ஓடியது.

"என்ன மாப்பிள்ளை, சரியா மாட்டலையா?"

"மாட்ட வேண்டாம் மச்சான். அவ வரல."

அவள் திரும்பினாள். "யாரு சொன்னா? என் இஷ்டம்னீங்களே."

"சொன்னேன்."

"அப்புறம்?"

அண்டாக்களின் இரைச்சலுக்கு மேலே நாள் முழுக்கக் கத்துகிற அந்தக் குரல், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கிப் போயிற்று.

"இது என் இஷ்டம். போகாத."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை அணைத்தார்.

"நேத்தே இதைச் சொல்றதுக்கு என்ன?" என்றாள் அவள்.

"உனக்குக் கை முடியல. எனக்குச் சரியா ஆக்கிப்போடவும் தெரியல. இந்த லட்சணத்துல இருன்னு சொன்னா, அது என் வசதிக்குச் சொல்றதுதானே? நீ இல்லைன்னா வீடு வெறிச்சுனு இருக்கும். எனக்குப் பிடிக்காது. அதுக்காக உன்னைக் கஷ்டப்படுத்தச் சொல்றியா?"

"ஆமா. உங்க வசதிக்குத்தான் சொல்லுங்களேன். அதைக் கேக்கத்தானே இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்."

அவர் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "எனக்காக இரு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் எதையும் கேட்டதில்லை. ஒரு வாய் காபி வேண்டுமென்றாலும் தானே எழுந்து போகிற ஆள். கேட்டு வாங்கித் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதுதான் பிரியம் என்று அவர் நினைத்திருக்கிறார். தன்னிடம் கேட்க அவருக்கு ஒன்றுமே இல்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கையைப் பிடிங்க" என்றாள் அவள் கணவரிடம். "நான் இறங்கணும்."