டயரின் உள்பக்கம்

…டயரின் பட்டன் நன்றாகத்தானே இருந்தது, அதை யாரால் மறுக்க முடியும், விரலை வைத்தால் நுனி புதைகிற பள்ளம், தேய்மானம் என்று பேருக்குக்கூட இல்லை, அப்படிப்பட்ட டயர் சும்மா உருண்டதற்கு வெடிக்குமா, மிதித்து ஓட்டியிருப்பான், வெடித்தது, எட்டு மாதமாகத் தச்சர் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், மனைவியிடம், பக்கத்துப் பட்டறை வெல்டரிடம், கேட்க ஆள் கிடைக்காத நேரங்களில் தன்னிடமே… இப்போது வேனின் பின்கதவைத் திறந்து டிரெய்லரின் இரண்டு சக்கரங்களையும் டயர் கடை வாசலில் இறக்கும்போதும் அதேதான் மனசுக்குள் ஓடியது. ஒன்று முழுசு. இன்னொன்றில் டயர் என்று சொல்ல ஏதுமில்லை, ரிம்மைச் சுற்றிக் கந்தல் தொங்கியது. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், பாருங்க, இப்படிக் கிழியணும்னா என்ன வேகம் போயிருப்பான் என்று. ஓட்டியது தம்பி. கூடப்பிறந்தவன், பதினாறு வருஷம் எதிர் மேசையில் நின்று இழைத்தவன், அன்றைக்குப் போனவன் போனவன்தான், பட்டறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரெய்லரும் அன்றிலிருந்து மரக்கட்டைகள் மேல் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது, கட்டிலோ மேசையோ எது போனாலும் வாடகை வண்டியில்தான், நேற்று அந்த வாடகை வண்டிக்காரனும் கையை விரித்துவிட்டான், நாளை மறுநாள் ஒரு வீட்டுக்குச் சமையலறை அலமாரிகள் போயாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் எட்டு மாதம் ஆனாலும் அந்தத் தார்ப்பாயை அவர் தொட்டிருக்க மாட்டார்.

டயர்காரர் நிதானமான மனிதர், அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகிவிடுகிற ஜாதி. ரிம்மின் அளவைப் பார்த்தார், என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார், மரச்சாமானா, அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கும், சுமையோடு வெயிலில் நிற்குமா… பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்று தச்சருக்கு எரிச்சல் வந்தது. அளவு ஒன்றாக இருந்தால் போதாதா, கார் டயரே போடலாமே, அதுதான் மெத்தென்று போகுமே என்றார். அது மெத்தென்று போவதுதான் வம்பு என்றார் டயர்காரர், பக்கம் இளக்கமாக இருக்கும், சுமை ஏறினால் டிரெய்லர் இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும், மேலே ஆளா உட்காரப் போகிறது, அலமாரிக்கு என்ன மெத்தை, பக்கம் விறைப்பாக இருக்கிற டயர்தான் இதற்கு. இரண்டு டயர்களை உருட்டி வந்து அவரையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினார், வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்தே ஈரம் சொல்லுகிற கை, இதை ஏன் இத்தனை வருஷம் அழுத்திப் பார்க்கவில்லை… தம்பி சொன்னான், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதையேதான் சொன்னான், அண்ணா, டிரெய்லருக்குன்னே டயர் இருக்காம், புதுசா ரெண்டு போட்டுடலாம், ஒரு ஸ்டெப்னியும் வச்சுக்கலாம். நீ போய் அந்தக் கதவுக்குக் கீல் அடிக்கிற வழியைப் பார் என்று அவனை அனுப்பிவிட்டு, பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்குப் போய் இரண்டு டயர் பொறுக்கிக்கொண்டு வந்தவர் இவர். சாமர்த்தியம் என்று அன்றைக்கு மார் தட்டிக்கொண்டார்.

சரி, ஒன்று மட்டும் புதுசாகக் கொடுங்கள், இது நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் நாலு வருஷம் வரும் என்று முழு டயரைக் காலால் தட்டினார் தச்சர். டயர்காரர் அதைக் குப்புறப் புரட்டினார். உள்பக்கம், அச்சைப் பார்த்தபடி இருந்த பக்கம், வெளிச்சத்துக்கு வந்தது. ரிம்மின் ஓரத்திலிருந்து மேல்வரை மெல்லிய விரிசல்கள், காய்ந்த ஏரி மண்ணைப் போல. டயர்காரர் ஒரு சாக்பீஸை எடுத்து ஓரத்தில் தேய்த்தார், நாலு எண் வெள்ளையாக எழும்பி வந்தது. முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம், இது பொறந்த தேதி என்றார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "பதினோரு வயசு சார் இதுக்கு. டிரெய்லர் டயர் தேயாது, பாதி நாள் நிக்கத்தானே செய்யுது? நின்னே கெட்டுப்போகும். பட்டனைப் பாத்து எல்லாரும் ஏமாந்துடுவாங்க. மாட்டு வண்டி வேகத்துல போனாலும் இது வெடிக்கும்." தச்சர் கந்தலைப் பார்த்தார். அதுவும் இதனோடு அதே இடத்தில் அதே நாளில் வாங்கியதுதான், அதற்கும் இதே வயசு… நாற்பது. நாப்பதுலதான் வந்தேன் அண்ணா என்றான் தம்பி. ஒரே ஒரு தரம்தான் சொன்னான். இவர் நம்பவில்லை, நம்பவில்லை என்பதைவிட, வெல்டர் பக்கத்தில் நிற்கும்போது நம்ப முடியவில்லை. டயர்காரர் விரிசலைத் தடவியபடியே கேட்டார், அது சரி, இந்த லட்சணத்தை யார் சார் உள்பக்கமாத் திருப்பிப் போட்டது, வெளிப்பக்கம் இருந்திருந்தா பாக்கிறவன் கண்ணுக்குப் பட்டிருக்குமே? தெரியலை என்று சொல்லிவிட்டார் தச்சர்.

தெரியாமல் என்ன? அந்த ரெண்டு டயரையும் மாட்டிய அன்றைக்குப் பஞ்சர் கடையில் இடுப்பில் கை வைத்து நின்று சொன்ன வார்த்தை அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அந்த விரிசல் விட்ட பக்கத்தை உள்ளே போடுப்பா, சாமான் எறக்குற வீட்டுக்காரங்க பாத்தா நல்லாவா இருக்கும்? அவ்வளவுதான் யோசித்தது. பலகையில் முடிச்சு இருந்தால் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுகிற அதே புத்தி, தொழில் புத்தி, முகப்பு மழமழவென்று இருந்தால் போதும்… தம்பி தினமும் வண்டி எடுக்குமுன் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வருவான், சுத்தியல் பிடியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பான், குனிந்து பார்ப்பான், இவர் அதைக் கேலி செய்வார், என்னடா, டாக்டர் வந்துட்டாரா என்று. அவன் பார்த்ததெல்லாம் இவர் வெளியே காட்டியதை. எட்டு மாதமாக ஊருக்கெல்லாம் கந்தலைக் காட்டிக்கொண்டிருந்தோமே, ஒருத்தராவது இதைப் புரட்டிப் பார்த்திருந்தால்… தச்சருக்கு வெட்கமாக இருந்தது, காது மடல் சூடாகிற வெட்கம், ஐம்பத்திரண்டு வயசில். மூன்று கொடுங்கள் என்றார். இரண்டுதானே சார் என்றார் டயர்காரர். ஸ்டெப்னிக்கும் சேர்த்து என்றார். தேதி இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னார்.

கம்பியை விட்டு நெம்பி, ரிம்மின் துருவைத் தேய்த்து, வால்வையும் மாற்றி, காற்றை நிரப்பிச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் டயர்காரர் போகிற போக்கில் கேட்டார், "ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகலையே?" இல்ல, ஒண்ணும் ஆகலை என்றார் தச்சர், சட்டென்று, யோசிக்காமல். வேனில் ஏறி அரை மைல் வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. ஒண்ணும் ஆகலை என்று யார் சொன்னது? அவன் சொன்னானா? இவர் கேட்டாரா? வெல்டரின் வண்டியிலிருந்து குதித்து ஓடியது ஞாபகம் இருக்கிறது, நேரே அலமாரியிடம்தான் ஓடினார், ஆள் உயர நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி, இருபது நாள் வேலை, கண்ணாடி மூன்று துண்டு. கண்ணு எங்கடா போச்சு என்று கத்தினார், சோறு போட்ட தொழிலுக்கே உலை வைக்கிறியா என்றார், இன்னும் என்னென்னவோ. அலமாரி நிமிர்ந்து நின்றது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது… டயர் வெடித்தால் டிரெய்லர் சாயும், அலமாரி சரியும், நாலு பேர் சேர்ந்து ஏற்றிய அலமாரி. ஒற்றை ஆளாக அதை யார் நிமிர்த்தினது? எப்படி நிமிர்த்தினான்? அப்போது இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், சிக்னல் பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, சக்கரத்தை முழங்காலால் தாங்கிக்கொண்டு நட்டைத் திருகினார். இரண்டு ஆள் வேலை. ஒருவன் பிடிக்க வேண்டும், ஒருவன் முடுக்க வேண்டும், எப்போதும் தம்பிதான் பிடிப்பான். நட்டு இரண்டு தரம் மண்ணில் விழுந்தது. எதிரெதிராக முடுக்க வேண்டும், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தரம் இறுக்க வேண்டும் என்று டயர்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி வீடு இங்கிருந்து இருபத்தைந்து இருக்கும், போய்விட்டுத் திரும்பினால் கணக்குச் சரியாகிவிடும்… போய் என்ன சொல்வது? டயருக்கு வயசாகியிருந்தது என்றா, உள்பக்கம் திருப்பியது நான்தான் என்றா? அவன் கதவைத் திறப்பானா? ரோஷக்காரன், உளிகளைக்கூட வந்து எடுத்துக்கொள்ளவில்லை, துணியில் சுற்றியது சுற்றியபடி அலமாரித் தட்டில் இருக்கிறது, மரவேலையே வேண்டாம் என்று எங்கேயோ ஒரு டைல்ஸ் கடையில் வருகிறவர்களிடம் பேசுகிற வேலைக்குப் போய்விட்டானாம். என் மேல் உள்ள கோபத்தில் கைத்தொழிலையே விட்டுவிட்டான் பார் என்று அதையும் இவர் ஒரு குற்றமாகத்தான் சேர்த்து வைத்திருந்தார். மனைவி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீங்க ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன் என்று ஆரம்பித்தாள், இந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று அவள் வாயை அடைத்ததும் இவர்தான்.

டிரெய்லரை வேனோடு மாட்டும் கொக்கியின் பூட்டைத் திறக்கச் சாவி வேண்டியிருந்தது. உள்ளே போய் ஆணியிலிருந்து எடுத்தார். எட்டு மாதமாகத் தொடாத சாவி, கடைசியாக இதை அவர் கையில் கொடுத்தவன் தம்பிதான், திட்டி முடித்ததும் நீட்டினான், இடது கையால். அண்ணனுக்கு இடது கையால் நீட்டுகிறான், என்ன திமிர், அந்த ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாக இறங்கியது, கண்ணாடி உடைந்ததைக்கூட மறந்திருப்பார், வெல்டர் பார்க்க இடது கையால் நீட்டினானே… தச்சர் சாவியைப் பார்த்தபடி நின்றார். இடது கை. வலது கை எங்கே இருந்தது? சட்டைக்குள்ளா, முதுகுக்குப் பின்னாலா… எவ்வளவு யோசித்தும் அந்தக் கை ஞாபகத்தில் வரவே இல்லை. கண்ணாடி மூன்று துண்டானது வருகிறது, விரிசல் எந்தப் பக்கம் ஓடியது என்பதுகூட வருகிறது, அவனுடைய வலது கை மட்டும் வரவில்லை. உளி பிடிக்கிற கை.

மனைவி டீயை மேசையில் வைத்துவிட்டு, டிரெய்லர் ரெடியாயிடுச்சா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் திரும்பிப் போக இரண்டடி எடுத்து வைத்தாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார், கேட்காமலும் நிற்க முடியவில்லை.

"அவன் கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அவள் அப்படியே நின்றாள். யார் கை என்று கேட்கவில்லை.