போடாத ஈஸ்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரொட்டி என்றால் உயிர். காலையில் ரொட்டி; மதியம் மெஷின் ரூமில் காலை நீட்டி உட்கார்ந்து தின்பதும் ரொட்டிதான். அப்பேர்ப்பட்டவரிடம், கையில் வந்திருந்த அரிப்பைப் பார்த்த டாக்டர், "கொஞ்ச நாளைக்கு ஈஸ்ட் சேர்க்காம இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஈஸ்ட் என்றால் என்னவென்று கேட்க வாயெடுப்பதற்குள் மனிதர் வெளியே நின்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தாமலே, "ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுவாங்களே, அதுதான். இனிமே கடை ரொட்டிய மறந்துடுங்க" என்றாள்.

மறக்கிற ஆளா அவர்? மறுநாளே பேக்கரிக்குள் நுழைந்தார்.

"ஈஸ்ட் போடாத ரொட்டி இருக்காம்மா?"

"இந்தாங்க. இதுல ஒரு சிட்டிகைகூடப் போடலை. மாவைக் கரைச்சு வெச்சா தானாப் புளிச்சு வந்துடும்" என்றாள் கடைக்காரி.

மொறுமொறுவென்ற மேலோடு, உள்ளே லேசான புளிப்பு. தினமும் வாங்கித் தின்றார். அரிப்பு மட்டும் விட்டபாடில்லை. ஒருநாள் மனைவி அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஐயோ, தானாப் புளிக்குதுன்னா அதுல ஈஸ்ட் தானா வளருதுன்னுதானே அர்த்தம்!"

"போடாத ஈஸ்ட் எங்கேருந்துடி வரும்?"

"மாவுலயே இருக்கும். காத்துலகூட இருக்கும்."

"அப்ப நான் மூச்சு விடலாமா, கூடாதா?"

அதற்கப்புறம் அவருக்கு எதைத் தொட்டாலும் சந்தேகம். கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் அங்கேயும் ஈஸ்ட். அரிசிப் பொரியை அழுத்திச் செய்த வட்டத் துண்டு ஒன்றை வாங்கிக் கடித்தார். தக்கையைத் தின்ற மாதிரி இருந்தது. புருஷன் முகம் வாடுவது பொறுக்காமல் மனைவியே மோரும் சமையல் சோடாவும் சேர்த்து ரொட்டிக்கு மாவைப் பிசைந்து, அடுப்பில் சுட்டெடுத்தாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"உப்பியிருக்கே! ஈஸ்ட் இல்லாம எப்படி உப்பும்?"

"மோரும் சோடாவும் சேர்ந்தா உள்ளே காத்து நுரைக்கும். அதுல உப்பும்."

"காத்துல ஈஸ்ட் இருக்குன்னு நீதானே சொன்னே?"

அவள் ரொட்டியை அறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தாள். "சாப்பிடறீங்களா, நானே சாப்பிட்டுடட்டுமா?"

சாப்பிட்டார். கையில் எடுத்தால் உதிர்ந்தது. ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது. அதையே தொடர்ந்து தின்றதில் அரிப்பும் மெல்ல அடங்கியது. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஸ்டோர்க்காரர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார்: "லிஃப்டுக்குப் போடற பழைய கிரீஸால நிறையப் பேருக்குக் கையில அரிப்பு எடுத்துச்சாம், அண்ணே. போன மாசமே மாத்திட்டாங்க. உங்க கை தேவலையா?"

மெக்கானிக் திகைத்துப்போனார். நேரே டாக்டரிடம் ஓடினார்.

"அப்படியா?" என்று டாக்டரும் தாடையைத் தடவினார். "சரி, கடை ரொட்டியத் தின்னு பாருங்க. தெரிஞ்சுடும்."

பேக்கரி வாசல்வரை போனார். வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் மறுபடி அரித்தால்? அரிக்காவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடு? குழம்பிப்போய் வெறுங்கையோடு வீடு திரும்பி, நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நாளைக்கு எதைச் சுடட்டும்?" என்றாள் மனைவி.

"நீ சுடறதையே சுடு" என்றார். பயத்தில் சொன்னாரா, ருசி பிடித்துச் சொன்னாரா என்பது அவருக்கே விளங்கவில்லை.