முந்நூறு பேரின் மௌனம்

விஜயராகவனுக்குச் சோறு போட்டது மின்சாரச் சட்டம். எனக்கு வாடகை வழக்குகள். சட்டக் கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. தேர்வுக்கு என் நோட்டை வாங்கித்தான் அவன் படித்தான். இதை நான் சொல்லாத ஆள் புதுச்சேரி கோர்ட்டில் யாரும் இல்லை.

2003-இல் புது மின்சாரச் சட்டம் வந்தபோது, அதை முழுதாகப் படித்தவன் எங்களில் அவன் ஒருவன்தான். முதலில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கரன்ட் கட்டணத் தகராறுகள் அவனைத் தேடி வந்தன. அப்புறம் காற்றாலை, நிலக்கரி, நிலத்தடி நீர் என்று போனது. மாதம் இருமுறை விமானத்தில் டெல்லி. கேன்டீனில் டெல்லிக் குளிரைப் பற்றி அவன் பேசும்போது எனக்கு வயிறு எரியும். வெளியே சிரித்து வைப்பேன்.

2007-இல் கனகசெட்டிக்குளம் கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனி அனல்மின் நிலையம் கட்டக் கிளம்பியது. அதற்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். கம்பெனிக்கு வக்கீல் விஜயராகவன். இரண்டாவது வக்கீலாக என்னைக் கூப்பிட்டான். அவன் பெயருக்குக் கீழே என் பெயர். அதற்கும் ஒப்புக்கொண்டேன், வீட்டில் போய்ப் புலம்பினேன்.

ஒருநாள் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் அறிக்கையைக் கொண்டுவந்தான்.

"முந்நூறு பேர் வந்திருக்காங்க. எதிர்த்துப் பேசுனது ஊர்த் தலைவர் காசிலிங்கம் மட்டுந்தான். மத்தவங்க வாயே தொறக்கல. அவங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு பதில் மனுவுல எழுதலாமா? நீ வைத்திக்குப்பத்துக்காரன், கடற்கரை ஆளு. நீ சரின்னாதான் கையெழுத்துப் போடுவேன்."

எனக்குத் தெரியும். கடற்கரை ஊர்களில் முதலில் ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கும். அப்புறம் வெளி ஆட்கள் முன்னால் தலைவர் மட்டும்தான் பேசுவார். மற்றவர்கள் வாய் திறந்தால் அவரை அவமதித்ததாக ஆகும். அவர் சொன்னது முந்நூறு பேரின் சொல். வயலும் வரப்புமாக இருந்த குடும்பத்தில் பிறந்த விஜயராகவனுக்கு இது எப்படித் தெரியும்?

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு அந்த வழக்கு கண்ணில் படவில்லை. அவன் சறுக்கி விழுவதுதான் தெரிந்தது. அடி மனுவில் இருக்கும் முதல் பெயருக்குத்தான் விழும்.

"தாராளமா எழுது," என்றேன்.

எழுதினான். சென்னையில் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டிவிட்டு, காசிலிங்கத்தின் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார். ஊர் வழக்கம் அதில் விவரமாக இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எழுதுவதற்கு முன்னால் அந்த ஊரில் ஒருவரையாவது விசாரித்தீர்களா?"

விஜயராகவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"விசாரிக்காதது என் தவறு. அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன்."

அன்றே அனுமதி ரத்தானது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. ஆனால் அவன் தலைகுனியாமல் நின்ற நிற்பைப் பார்த்து அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வராந்தாவில் காசிலிங்கம் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வைத்திக்குப்பம் அம்மாவாசை மவன் பாலாஜிதானே நீ?" என்று தோளைப் பிடித்தவர், விஜயராகவனிடம் திரும்பினார். "சார், இவுங்கப்பாவும் ஊர்த் தலைவருதான். பதினாலு வருசம் அவர் ஒருத்தரு பேசுனா ஊரே பேசுன மாதிரி. இவனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். விஜயராகவன் வழக்குக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்தக் கேச உன் பேர்லயே குடுத்திருப்பேன்டா," என்றான்.

கொடுத்திருப்பான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவனை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.