ஒன்பதுக்கு அடுத்தது பத்து

காலை ஏழு மணிக்கே ரத்தம் எடுத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் வந்து உட்காருவது பிற்பகல் மூன்று மணிக்கு. நடுவில் கிடந்த எட்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று கணவன் மனைவி இருவருக்கும் தெரியவில்லை.

"மூணு மணிக்கு நாலாவது மாடியில இருக்கணும்மா," என்று நர்ஸ் சீட்டை நீட்டினாள். "பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லைன்னா அடுத்த மாசம்தான். இவரு மாசத்துல ஒரு நாள்தான் இங்க வராரு."

அடுத்த மாசம் என்றதும் அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். சொந்த ஊர் டாக்டர் கையை விரித்த பிறகு, ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய நேரம் அது.

"இங்கேயே உக்காந்துக்கலாங்க," என்றாள்.

"இந்த நாற்காலியிலயா? நோய் இல்லாதவனுக்கும் வந்துடும். வாசல்ல ஒரு பஸ் நிக்குது, பாத்தியா? அரை நாள் சுற்றுலா. அஞ்சு இடம். ஒன்றரைக்கு இங்கேயே கொண்டாந்து விட்டுடறாங்க."

எல்லாவற்றையும் விசாரித்து வைத்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நம்பர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பத்தொரு வருட வேலை. தலைநகருக்குப் போகும் கடிதங்கள்தான் அவர் பொறுப்பு. எதிரே ஆளுயர மர அலமாரி, வரிசைக்குப் பன்னிரண்டாகத் தொண்ணூற்றாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் அஞ்சல் எண். முகவரியில் பட்ட கண்ணை எடுக்குமுன் கடிதம் அதன் கட்டத்தில் விழுந்திருக்கும். கல்யாண வீட்டில் யாராவது தன் மகன் தலைநகரில் இருப்பதாகச் சொன்னால் போதும், "எந்தத் தெரு?" என்று கேட்டு, அவர்கள் சொல்லி வாயை மூடுவதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார். "போனதில்லையே தவிர எனக்குத் தெரியாத சந்து அங்க கிடையாது," என்பார். அவர் சொன்ன எண் தப்பிப்போய் அவள் பார்த்ததில்லை. அந்தத் தலைநகரில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது முந்தின நாள்தான்.

"அஞ்சாவது இடம் டவர்," என்றார் குரலைத் தணித்து. "லிஃப்ட்ல போயிடலாமாம். மேல நின்னு பாத்தா ஊர் மொத்தமும் தெரியுமாம். என் அலமாரி அப்படியே கீழ விரிஞ்சு கிடக்கும். ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்மா. அப்புறம் டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்."

பஸ் ஏறினார்கள்.

வழிகாட்டி கனத்த ஆள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். "மொத்தம் முப்பத்தெட்டு பேரு. கடைசியில இறங்கறப்பவும் முப்பத்தெட்டு பேரு இருக்கணும். போன வாரம் முப்பத்தொன்பது ஆயிடுச்சு. யாரோட மாமியாரோ மாறி ஏறிட்டாங்க. இன்னும் யாரும் தேடி வரலை." பஸ் முழுக்கச் சிரித்தது. நம்பர்காரரும் சிரித்தார். சிரிக்கும்போது வலது விலாவில் கையை வைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

முதலில் பாராளுமன்றம். இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பதினைந்து நிமிடம் பார்க்கலாம். எல்லோரும் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "நாலாம் நம்பர்," என்றார் அவர், பக்கத்தில் நின்ற ஒருவரிடம். "மந்திரிங்களுக்கு வர்ற மொட்டைக் கடுதாசி அத்தனையும் என் கை வழியாத்தான் வந்துச்சு." அந்த மனிதர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

அடுத்தது அருங்காட்சியகம். வாசலில் நாற்பது படிகளுக்குக் குறையாது. முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்வந்தாள்.

"என்ன இருக்கு?"

"வாளு, காசு, கிழிஞ்ச கொடி. ஒரு ராஜா படுத்த கட்டில் இருக்குங்க. ரொம்பக் குட்டை. காலை மடக்கித்தான் படுத்திருக்கணும்."

"ராஜாவா இருந்து என்ன, பாவம்," என்றார். எழுந்திருக்கக் கையை நீட்டினார். அந்தக் கையின் கனம் குறைந்திருந்ததை அவள் அன்றுதான் உணர்ந்தாள்.

மூன்றாவது, போரில் இறந்தவர்களின் நினைவிடம். காவலர்கள் மாறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது மணி பதினொன்று இருபது. வழிகாட்டி பஸ் படியில் நின்று கையைத் தட்டினார்.

"வெளிநாட்டு அதிபர் ஒருத்தர் வந்திருக்காரு. ரோடெல்லாம் மூடிட்டு வர்றாங்க. மீதி ரெண்டு இடமும் இன்னிக்குக் கிடையாது. அதுக்குப் பதிலா நினைவுப் பொருள் கடையில ஒரு மணி நேரம். அப்புறம் கிளம்பின இடத்துக்கே போயிடலாம்."

"டவருமா?" என்றார் நம்பர்காரர்.

"டவரும்தான் சார். நான் என்ன பண்றது?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. "இந்த நினைவிடம் ஒன்பது. டவர் பத்து. ஒட்டின கட்டம்மா. ஒன்பதுல போட வேண்டியதைக் கை தவறினா பத்துல போட்டுடுவோம், அவ்வளவு பக்கம். நடந்தே போயிடலாம்."

"சார், அது ரொம்ப தூரம்," என்றார் வழிகாட்டி.

"நீங்க எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?"

"ரெண்டு வருஷம்."

"நான் முப்பத்தொண்ணு."

ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழிகாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. சொந்த விருப்பத்தில் இறங்குவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "முப்பத்தாறு," என்று மைக்கில் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவள் தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தூரம் என்று சொன்னவர் ஊர்க்காரர். பக்கம் என்று சொன்னவர் நம்பர்காரர். அவள் நம்பர்காரரை நம்பினாள்.

மரங்கள் அடர்ந்த அகலமான தெரு. இருபுறமும் அரசு அலுவலகங்கள். கட்டடங்களின் உயரத்தில் டவர் கண்ணில் படவில்லை. கால் மணி நேரம் நடந்தார்கள். பெயர்ப் பலகைகளில் முகவரிக்குக் கீழே அஞ்சல் எண் ஒன்பது என்றே இருந்தது. அரை மணி நேரம் ஆனது. அவர் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்றார். செருப்பு வாரை அவள் குனிந்து தளர்த்திவிட்டாள்; கணுக்கால் வீங்கி வார் பதிந்திருந்தது.

ஒரு மருந்துக்கடைப் பலகையின் முன்னால் அவர் நின்றுவிட்டார். இருபத்தேழு என்று போட்டிருந்தது.

"இருபத்தேழு எப்படி இங்க வரும்?" என்றார். "அது மூணாவது வரிசை."

கடையோரத் தபால்பெட்டியைத் திறந்து ஒரு தபால்காரர் கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவள்தான் போய்க் கேட்டாள்.

"டவரா? அது ஆத்துக்கு அந்தப் பக்கம்மா. இங்கேர்ந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்."

"ஒன்பதுக்கு அடுத்தது பத்து இல்லையா?" என்று நம்பர்காரர் பின்னாலிருந்து கேட்டார். ஏதோ பள்ளிக்கூடக் கணக்கைச் சரிபார்ப்பது போல மெதுவாகக் கேட்டார்.

"ஆபீஸ் திறந்த வரிசையில நம்பர் குடுத்தாங்க சார். ஒன்பதாவது ஆபீஸை இந்தப் பக்கம் திறந்தாங்க, பத்தாவதை அந்தக் கரையில. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. வெளியூர்க்காரங்க நிறைய பேரு இப்படித்தான் நினைச்சுக்கறாங்க."

இவரும் உங்க இலாகாதான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். நம்பர்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

பெரிய ரோட்டுக்குப் போனால் டாக்சி கிடைக்கும் என்று தபால்காரர் வழி சொன்னார். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அது ஆற்றங்கரை ரோடு. குறுக்கே கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு போலீஸ்காரர் நின்றார். வந்த தெருவையும் பின்னாலேயே வண்டி நிறுத்தி அடைத்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. ஆற்றுக்கு அப்பால், பாலம் முடியும் இடத்தில், டவர் ஒரு விரல் உயரத்துக்குத் தெரிந்தது.

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அவள் போலீஸ்காரரிடம் போனாள்.

"எப்பங்க திறப்பீங்க?"

"எனக்கு மேல இருக்கறவருக்கே தெரியாதும்மா."

மடித்த சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அவர் பொறுமையாக மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். "புரியுதும்மா. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா? ஆனா அதுவும் சுத்தித்தான் வரணும். வர்றதுக்குள்ள நானே திறந்துடுவேன்."

ஒரு மணி. ஒன்றரை. குடை வைத்திருந்த ஒரு பெண் பாதிக் குடையை நம்பர்காரருக்குக் கொடுத்தாள். "யாருக்காகத்தான் இத்தனை கூத்து?" என்று யாரோ கேட்க, "எந்த நாடுன்னே தெரியலை, கொடியில ஒரு பறவை இருக்கு," என்றார் இன்னொருவர். அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவர் டவரையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த தளக்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்க."

"முப்பத்தொரு வருஷம்," என்றார்.

இரண்டு இருபதுக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு கறுப்புக் கார்கள். அவள் எண்ணினாள், பதினேழு. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இல்லை. அதன் பிறகும் கால் மணி நேரம் கயிற்றை அவிழ்க்கவில்லை.

அவிழ்த்ததும் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு அவள் ஒரு டாக்சியைப் பிடித்தாள். அவரை உள்ளே ஏற்றி உட்கார வைத்தாள்.

"எங்கம்மா?" என்றார் ஓட்டுநர்.

பாலம் எதிரே காலியாகக் கிடந்தது. டவர் பத்து நிமிடம். ஆஸ்பத்திரி பின்பக்கம், அடைபட்ட வண்டிகள் அத்தனையும் அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தன. மணி இரண்டு நாற்பது. நம்பர்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

"ஆஸ்பத்திரி," என்றாள். "சீக்கிரம் போங்க."

அவர் தலையை ஆட்டி, கண்களை மூடிக்கொண்டார். சரியாகத்தான் சொன்னோம் என்று அவளுக்கு அப்போது கொஞ்சமும் சந்தேகமில்லை. பின்னாளில், வீட்டில் தனியாக ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கையில், அந்த ஒரு சொல்லை அவள் எத்தனையோ முறை மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

நாலாவது மாடிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேர் கூப்பிட்டாச்சா?" என்று கேட்ட அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டரே இன்னும் வரலைம்மா. ரோடு மூடிட்டாங்களாம், மாட்டிக்கிட்டாரு. அஞ்சு மணி ஆகும்னு சொல்லியிருக்காரு."

அவள் நாற்காலிப் பிடியை விடாமல் நின்றாள். நாற்காலியில் இருந்தவர் திரும்பவில்லை. "நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் ஐந்தேகாலுக்கு வந்தார். ஏழு நிமிடம் பேசினார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், ரத்த அறிக்கையைப் பார்த்தார், நம்பர்காரரின் வயிற்றை மென்மையாக அழுத்திப் பார்த்தார். இனிமேல் கத்தி வைத்துப் பயனில்லை என்றார். வலிக்கு மாத்திரை எழுதித் தருவதாகவும், வீட்டுக்குக் கூட்டிப்போகும்படியும் சொன்னார். நல்ல மனிதர். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நாற்காலியை ஓர் ஓரமாக நிறுத்தினாள். ரயில் ஏழரைக்கு.

"டவர் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்னு கேக்கறேன்," என்றாள். "ரயிலை நாளைக்கு மாத்திக்கலாங்க. இந்த நாற்காலியிலேயே வச்சு..."

"நாற்காலி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிப் போகக் கூடாதும்மா," என்றார் அந்தப் பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர். "டவர் ஆறு மணியோட சரி."

மணி ஐந்து நாற்பது.

"விடு," என்றார் நம்பர்காரர். "மேல ஏறி எதைப் பாக்கறது? நான் நினைச்ச ஊர் கீழ இல்லையே."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. தாழ்வாரக் கடைசியில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. நாற்காலியை அங்கே தள்ளிக்கொண்டு போனாள். நாலாவது மாடி, கொஞ்சமாவது தெரியும். திரையை விலக்கினாள். எதிரே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், அடுத்த கட்டடத்தின் சுவர். சுவரில் மூன்று ஏ.சி. பெட்டிகள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டவர் எந்தப் பக்கங்க?" என்று துடைப்பவரிடம் கேட்டாள்.

"அது அந்தக் கோடிம்மா. ஆபரேஷன் தியேட்டர் ஜன்னல்ல நல்லாத் தெரியும். உள்ள விடமாட்டாங்க."

அவள் திரையை இழுத்து மூடப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "இதுவும் தலைநகர்தானே."

அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிளம்பும் நேரம் வரைக்கும் இருவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.