கன்னையனின் களத்தில் விழுந்த கை

1958 மாசியில் டைபாய்டு கண்டு இறந்த அமராவதி, அந்தச் சித்திரையில் பக்கத்துச் சலவைப் பட்டறைக்காரரான கன்னையனின் களத்தில் காய்ந்த துணியில் கை வைத்தாள். சிவப்பாக விழுந்த இடது கை. சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்ததால் அது யாருடையது என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுடைய கணவன் செங்கோட்டையனுக்கு வந்தது வேறு சந்தேகம்: தன் களம் பத்தடி தூரத்தில் இருக்க, அவள் ஏன் அங்கே போனாள்?

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் வேதியியல் படித்துவிட்டு, நொய்யல் கரையில் ஒரு பனியன் கம்பெனியும் அதற்கான சலவைக் களமும் வைத்திருந்தான். நான்கு வருடம் அமராவதி தினமும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே களத்துக்கு வந்து துணிகளைப் புரட்டிப் போட்டாள். அவளிடமிருந்து உதிர்ந்த மஞ்சள், காற்றில் திரிந்த பஞ்சுத் தூசியின்மேல் ஏறிக்கொண்டது. அவளை எரித்த பிறகும் அது இறங்கவில்லை. காற்றில் சும்மா கலந்து கிடக்கும்போது நடக்காத வினை, ஒரு தூசி உட்கார இடம் கொடுத்தால் நடந்துவிடும் என்று அவன் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். ஆகவே கை விழுந்தது அவனுக்கு வியப்பாக இல்லை. விழுந்த இடம்தான் பொறுக்கவில்லை.

முதலில் வாரம் இரண்டு கைகள் வந்தன, பிறகு தினம் ஒன்று. அருள்புரத்திலிருந்து பெண்கள் மாட்டுவண்டி கட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கன்னையன் அந்தத் துணிகளை விற்காமல் தனியாக மடித்து வைத்தார். செங்கோட்டையன் இரண்டு களங்களுக்கும் நடுவில் தென்னந்தட்டி கட்டினான்; கை தட்டியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒரு நாள் கந்தகத்தை எரித்து அந்தப் பக்கம் புகை விட்டான். கைகள் வெளிறி மறைந்தன. மூன்றாம் நாள் முன்னைவிடச் சிவப்பாக வந்தன. கன்னையன் இருமிக்கொண்டே தட்டிக்கு அப்பால் நின்று, “என்னுங்க மாப்ள பண்றது, வர்ற புள்ளைய வராதேன்னு நாஞ் சொல்ல முடியுமுங்களா?” என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று தட்டி மறைத்ததில் தெரியவில்லை. அமராவதி பிறந்தது குன்னத்தூரில். கன்னையனின் அக்காவைக் கட்டிக் கொடுத்ததும் குன்னத்தூரில்தான். செங்கோட்டையன் அன்றுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான்.

மறுவருடம் தை மாதம் கன்னையனின் மனைவி முத்தாத்தாள் அவனைத் தேடி வந்தாள். சலவைச் சோடாத் தொட்டியில் வேலையாக இருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள். முழங்கை வரை ஈரம்.

“ஏனுங் தம்பி, உங்க ஊட்டுக்காரிய உங்க பக்கம் கூப்பிட்டுக்கங்க.”

“கூப்பிட்டா வர்றவளா இருந்தா எப்பவோ வந்திருப்பாளுங்க,” என்றான்.

“பன்னெண்டு வருசமா அழுக்கு வேட்டியோட களத்துக்குப் போன மனுசன், இப்பத் தலை சீவிட்டுப் போறாருங்க. பவுடர் வேற. துணிக்குப் போடற பவுடர் இல்லீங்க, மூஞ்சிக்கு.”

“எந்துணிய மூணு தண்ணி அலசறனுங்க. இந்த ஊர்ல இத்தனை வெள்ளை எவங்கிட்ட இருக்குது? இதை உட்டுட்டு அவ அங்க போறா.”

“வெள்ளைய வெச்சு நாக்கு வழிக்கறதுங்களா?” என்று முத்தாத்தாள் கையை உதறினாள்.

கொடியில் கிடந்த அவன் துணியில் துளிகள் தெறித்தன. தெறித்த இடத்தில் ஒரு விரல் நுனி சிவந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். முத்தாத்தாள் போய் ஒரு வாளி சோடாத் தண்ணீர் கொண்டுவந்து துணி முழுவதும் வீசினாள். பதினேழு கைகள் இருந்தன.

சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும். கன்னையன் ஒரே தண்ணீரில் அலசுவதால் அவர் துணியில் சோடா தங்கிவிடும். செங்கோட்டையன் அமிலத் தண்ணீரில் முக்கி மூன்று முறை அலசுவான். அவன் துணியில் விழுந்த கை கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தது. வேதியியல் படித்தவன் முதல் நாளே இதை யோசித்திருக்க வேண்டும். பொறாமைப்பட்டவன் யோசிக்கவில்லை.

“அங்க ஒண்ணு, இங்க பதினேழு. அவருகிட்டச் சொல்லிப்போடறனுங்க,” என்று முத்தாத்தாள் நிம்மதியாகப் போனாள். மறுநாள் கன்னையன் தலை சீவாமல் களத்துக்கு வந்தார்.

ஆனால் அதற்குள் பத்து மாதத்துத் துணி பனியனாகிக் கல்கத்தா போய்விட்டது. எண்ணூறு டஜன். கோடையில் அங்கிருந்து வியாபாரி எழுதினார்: சோப்புப் போட்டதும் மார்பில் ஒரு பெண்ணின் கை தெரிகிறது, பிறகு போவதில்லை. மாற்றுச் சரக்கு அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லி செங்கோட்டையன்தான் மூன்று கடிதம் எழுதினான். டிராம் ஓட்டுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், பெயர் தெரியாத அத்தனை ஆண்களின் நெஞ்சிலும் அவள் கை. ஒரு கன்னையன் என்றால் தட்டி கட்டலாம். யாரும் தர மறுக்கிறார்கள் என்று பதில் வந்தது. மனைவியின் சண்டைக்குப் பயந்து ஒரு தபால்காரர் மட்டும் கொடுத்தாராம். மறுவாரமே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

அறுபத்து மூன்று முதல் கல்கத்தா ஆர்டரில் ‘கை உள்ளது’ என்று தனியாக ஒரு வரி வந்தது. அவன் அனுப்பினான். உறவினர்கள் அவனுக்குப் பெண் பார்ப்பதை அறுபத்தைந்தில் நிறுத்தினார்கள். இத்தனை வருடத்திலும் அவன் தன் கம்பெனிப் பனியனைப் போட்டதில்லை. தனக்கென்று எடுப்பதில் கை இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அறுபத்தேழு ஆவணியில் ஒரு காலை, அடுக்கிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவிச் சோப்புப் போட்டான். மார்பு வெள்ளையாக இருந்தது. மறுபடி போட்டான். வெள்ளையாகவே இருந்தது. பிழிந்து திருப்பினான். முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, விரல்கள் மேல்நோக்கி இருக்க, சோம்பி உட்கார்ந்தவனை வேலைக்குத் தள்ளிவிடுகிற இடத்தில் கை பதிந்திருந்தது. செங்கோட்டையன் அதை ஈரத்தோடு போட்டுக்கொண்டு களத்துக்குப் போனான். அன்று நல்ல வெயில். நாற்பது உருப்படி காய்ந்தன.