வட்டமும் பெருக்கல் குறியும்

சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளின் பரணிலும் சுவர்களுக்குள்ளும் கண்ணாடிப் பஞ்சு அடைத்துக் குளிரை வெளியே நிறுத்துவது அவர் தொழில். ஆனால் பட்டப்பெயருக்குக் காரணம் அது மட்டுமில்லை. "இந்த மனுஷன் வாய்க்குள்ளயும் அதத்தான் அடைச்சு வெச்சிருக்கார்" என்று அவர் மனைவி ஒரு நாள் கடைத்தெருவில் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பேசாமல் வேலை நடக்க அவர் சாக்கட்டியை நம்பினார். முதலில் அவர் பரணேறிக் குறி போட்டுவிட்டு வருவார். பஞ்சால் அடைக்க வேண்டிய இடுக்குக்குப் பெருக்கல் குறி. திறந்தே இருக்க வேண்டியதைச் சுற்றி வட்டம். பதினாறு வருஷமாக அவரோடு வேலை செய்தவருக்கு இது மனப்பாடம். அவர் போன மாதம் நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் பஞ்சுவின் மச்சினன், இருபது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர்.

அன்று மதியம் தையல்காரம்மாவின் வீட்டை முடித்துவிட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த வீட்டில் ஏணியைச் சாத்தியிருந்தார்கள். டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் வேனுக்குள் ஒரு முழு உருளைப் பஞ்சு பிரிக்காமல் கிடப்பதைப் பஞ்சு பார்த்தார். கணக்குப்படி அது மிஞ்சக்கூடாது.

"என்ன மாப்ள இது?"

"அடேங்கப்பா, காலையிலேர்ந்து என்கிட்ட இதான் முதல் வார்த்தை" என்று சிரித்தார் மச்சினன். "மிச்சம்தான் மச்சான். பரப்ப வேண்டியதெல்லாம் பரப்பிட்டேன். நீங்கதான் ஏழெட்டு இடத்துல பெருக்கல் போட்டு வெச்சிருந்தீங்களே. அங்க கையே வைக்கல."

"ஏன் வைக்கல?"

"பெருக்கல்னா தொடாதேன்னுதானே அர்த்தம்? எங்க லைன்ல பெருக்கல் போட்ட வயரத் தொட்டா ஆளே காலி."

பஞ்சு டீயைக் கீழே வைத்தார். "வட்டம்?"

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அந்தத் தகரக் குழாய். நல்லா இறுக்கித் திணிச்சு, மேல டேப்பும் சுத்திட்டேன். காத்துகூட போகாது."

பஞ்சு எழுந்து வேன் சாவியை எடுத்தார். அந்தத் தகரக் குழாய் குளியலறை கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய். அது அடைபட்டால் புகை வீட்டுக்குள்ளேயே தங்கும். அதிலிருக்கும் விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆளைத் தூங்க வைப்பதுபோல் கொன்றுவிடும். ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் வைத்ததும் அவரேதான். போகும்போது தையல்காரம்மாவிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஜன்னலத் திறந்துடாதீங்க, சூடு போயிடும்." அந்த அம்மா தலையாட்டிவிட்டு, "பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் சுடுதண்ணியில குளிப்பா. இனிமே நடுங்காமக் குளிக்கட்டும்" என்றது.

மணி மூன்றரை. பள்ளி மூன்றுக்கு விட்டிருக்கும்.

வேனை அவர்தான் ஓட்டினார். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து தையல்காரம்மாவின் நம்பரை மறுபடி மறுபடி அழுத்தினார். மணி அடித்து அடித்து நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதில், வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த வீட்டைச் சுற்றி வயல்தான், கூப்பிட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

"எடுக்க மாட்டேங்குதே மச்சான். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

பஞ்சு ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார். 'வட்டத்த அடைக்காத.' அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. அதற்குக்கூடச் சோம்பல்பட்ட வாயை என்ன சொல்வது? தன் மௌனத்தை அவர் இத்தனை நாளும் ஒரு நல்ல குணமாகவே நினைத்துவந்தார். யாரையும் புண்படுத்தாத குணம்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மச்சினன் கேஸ் சிலிண்டரை மூடக் கொல்லைப்பக்கம் ஓடினார். பஞ்சு இரண்டு கையாலும் கதவைத் தட்டினார். பிறகு காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமே இல்லை. தையல் மெஷின் ஓடுகிறதா, யாராவது நடக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. 'வெளிச்சத்தம் உள்ள வராது, உள்சத்தம் வெளிய போகாது' என்பது அவர் விளம்பரப் பலகையில் எழுதிவைத்திருந்த வாசகம். வேலை அப்படித்தான் நடந்திருந்தது.

சுத்தியலை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். போன் மணியையும் கதவுத் தட்டலையும் விழுங்கியிருந்த மெஷின் சத்தம் உடனே தடதடவென்று வெளியே கொட்டியது. தையல்காரம்மா துள்ளி எழுந்தது.

"ஐயோ! பட்டப்பகல்ல என்னங்க இது?"

"பாப்பா எங்க?"

"குளிக்கிறா... ஏன்?"

அவர் அதற்குள் ஜன்னலுக்குள் பாதி நுழைந்துவிட்டார். கண்ணாடிச் சில்லு முழங்கையைக் கிழித்தது. குளியலறைக் கதவைத் தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ் பெயர்ந்தது. சிறுமி துண்டைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

அவளைத் தூக்கி வந்து முற்றத்தில் கிடத்தினார். அம்மாக்காரி "பாப்பா, என்னப் பாருடி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பஞ்சு தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். குளிர்காற்று வீசியது. அவர் வாழ்க்கை முழுக்க விரட்டிய அதே காற்று இப்போது இன்னும் வீசாதா என்று இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, சிறுமி இருமினாள். பிறகு அவர் சட்டையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

"அம்மா, தலை வலிக்குது."

வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரர் சிறுமியின் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார். நாடி பார்த்தார். "பொழச்சுக்குவா. ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்கணும். இன்னும் பத்து நிமிஷம் உள்ள இருந்திருந்தா சொல்ல முடியாது" என்றார்.

தையல்காரம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. "எப்படிங்க இது? இத்தன வருஷமா இல்லாதது?"

மச்சினன் முந்திக்கொண்டார். "குழாய் ரொம்பப் பழசுக்கா. அதான்..." சொல்லிவிட்டுப் பஞ்சுவை ஓரக்கண்ணால் பார்த்தார். பேசாமல் நின்றால் போதும். பேசாமல் நிற்பதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

"குழாய்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார் பஞ்சு. "நாங்க அடைச்சுட்டோம். நான் குறி போட்டேன், என்ன அர்த்தம்னு இவருகிட்ட சொல்லல. இவரு கேக்காததுதான் தப்புன்னு நெனைக்காதீங்க. சொல்லியிருக்க வேண்டியது நான்தான். ஜன்னலயும் மூடி வைக்கச் சொன்னேன். நீங்க சொன்னபடி செஞ்சீங்க. தப்பு முழுக்க என்னோடது."

தையல்காரம்மா அவரையே பார்த்தது. "இவ்வளவு பேசத் தெரியுமா உங்களுக்கு?"

அந்த அம்மா மகளோடு வண்டியில் ஏறிக்கொண்டது. ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொண்டது.

வண்டி வளைவில் மறைந்ததும் பஞ்சு பரணேறினார். மச்சினன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, டேப்ப அறுக்கிறேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. மச்சினன் அண்ணாந்து பார்த்தார். "பஞ்ச உருவுறேன். இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு. வந்துடுச்சு. குழாய் திறந்தாச்சு. கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

"வட்டம்னா அடைக்கக்கூடாது."

"சரி மச்சான்."

"திருப்பிச் சொல்லு."