கறுப்பா, பச்சையா

தொண்ணூற்றேழாம் வருடம் ஆடி மாதம் முழுக்கத் தம்பிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. கணபதி ஏரியாவில் இருந்த அவருடைய இரும்பு வார்க்கும் பவுண்டரியில் அந்த மாதம் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மகள் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. பெங்களூர்த் தரகர் நஞ்சுண்டன் போன் செய்து, இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கைக்கு வந்திருக்கின்றன என்று சொல்லியிருந்தார். கறுப்பு ஹோண்டா ஒன்று, பச்சை கவாசகி ஒன்று. இரண்டும் ஆயிரத்து நூறு சிசி. இரண்டும் மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் போகும்.

ஒரு ஜெர்மானியன் காலையில் கிளம்பி மலைகளைத் தாண்டி இத்தாலியில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதற்காகச் செய்த வண்டிகள் அவை. தம்பிதுரை தினமும் போய்வந்த தூரம் ஆறு கிலோமீட்டர். நடுவில் பதினொரு வேகத்தடை.

மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளை மூட்டையாக வரவழைத்துப் படித்தார். குதிரைத்திறன், பிஸ்டன் விட்டம், பூஜ்யத்திலிருந்து நூறை எட்டும் நேரம் என்று கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்து, பவுண்டரி ஆபீசில் கழிவுக் கணக்குத் தொங்கிய ஆணியில் மாட்டினார். சூப்பர்வைசரிடம் கேட்டார். கண் டாக்டரிடம் கேட்டார். ஜோசியரிடம் கேட்டபோது அவர் கறுப்பு சனி, பச்சை புதன் என்று இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கத்துக்கும் தட்சணை வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் சுரேந்தர் மூக்கை நுழைத்தார். சுரேந்தர், தம்பிதுரையின் மனைவி புவனாவுடைய தங்கையைக் கட்டியவர். அவிநாசியில் ஸ்பின்னிங் மில் வைத்திருந்தார்.

“நீங்க எதெ எடுக்கறீங்களோ எடுங்கண்ணா. மிச்சமாகறத நா எடுத்துக்கறனுங்” என்றார் பணிவாக.

அந்தப் பணிவுதான் தம்பிதுரையைக் கொன்றது. தான் எதை எடுத்தாலும் மிச்சமாகிற வண்டிதான் ஒசத்தியாகிவிடும் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று. கறுப்பை எடுக்கலாம் என்று நினைத்தால் சுரேந்தர் பச்சையில் சிரித்துக்கொண்டே போவது கண்ணில் தெரிந்தது. பச்சை என்று முடிவு கட்டினால் கறுப்பில் போனார்.

கடைசியில் ஓட்டிப் பார்த்தே தீர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தம்பிதுரையின் பூர்வீகத் தோட்டம். ரோடு நேராக இருக்கும், கூட்டமும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டன் இரண்டு வண்டிகளையும் லாரியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். தம்பிதுரை அந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். அவர் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஜாக்கெட் ஆறடிக்காரனுக்குத் தைத்தது.

முதலில் சுரேந்தர் பச்சையை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். “நூத்தியம்பது தொட்டுப்போட்டேனுங்கண்ணா” என்றார். ஆளும் வண்டியும் முழுசாக இருந்ததால் நம்பத்தான் வேண்டியிருந்தது.

தம்பிதுரை கறுப்பில் ஏறினார். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. காற்று காதோரம் சீறியது, வேலியோரத்து மரங்கள் பின்னால் ஓடின, நாற்பத்திரண்டு வயது பத்தாகக் குறைந்தது. நூற்றுப்பத்தைத் தொட்டார். அப்போது வளைவில் யாரோ ஒரு ஜோடி காளைகளை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். பிரேக் பிடித்தார். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு அழகாக நின்றது.

நின்றதும்தான் வினை. காலை ஊன்றினார். கட்டைவிரல் மட்டும் ஜல்லியைத் தொட்டது. இருநூற்றெண்பது போகும் வண்டி, வேகமுள் பூஜ்யத்தில் நிற்க, யானை படுப்பதுபோல் நிதானமாகச் சாய்ந்தது. தம்பிதுரையும் கூடவே சாய்ந்தார். வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. சூடான சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டியது. காளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஓட்டிவந்தவன் அந்தப் பார்வைகூடப் பார்க்கவில்லை.

பக்கத்துக் காட்டில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். அது தம்பிதுரையின் காடுதான். முன்னால் வந்த பாவாத்தாள் இருபது வருடமாக அவருக்கு வேலை செய்பவள். ஓடிவந்தவள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“ஐயோ, சாமி! தொட்டுத் தூக்கலாமுங்களா?”

தம்பிதுரை வலியோடு காலை உருவப் பார்த்தார். பாவாத்தாளின் மகள் மதிவதனி, ஈரோட்டில் டீச்சர் ட்ரெய்னிங் படிப்பவள், லீவுக்கு வந்து களைக்கு இறங்கியிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இரும்மா, அவசரப்படாத. அவுரு வாயால சொல்லட்டும். போன மாசம் அப்பன் இவுங்க கார்மேல சாஞ்சு நின்னுச்சுன்னு ஊருக்கு முன்னால கையக் கட்ட வெச்சுக் கேட்டாங்க. இது காரவிட ஒசத்தியாட்டத் தெரியுது.”

“அட, தொடுங்க தாயி!” என்று அலறினார் தம்பிதுரை. “எல்லாருந் தொடுங்க! வேகுது!”

“கேட்டுக்கிட்டீங்களா அக்கா? சாட்சிக்கு நீங்க மூணு பேரும் இருக்கறீங்க” என்றாள் மதிவதனி மற்றவர்களைப் பார்த்து. பிறகுதான் கை வைத்தாள்.

நாலு பேரும் சேர்ந்து கடலைக்கொடிப் பொதியைத் தூக்குவதுபோல் ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தினார்கள். பாவாத்தாள் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, முந்தானையால் ஜாக்கெட்டின் மண்ணைத் தட்டிவிட்டாள். தம்பிதுரை தட்டிவிட மறுகையையும் நீட்டிக் காட்டினார்.

“இது எவ்வளவு வேகம் போகுமுங்க?” என்று கேட்டாள் மதிவதனி.

இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். “இருநூத்தியெம்பது” என்றார், முனகலுக்கு நடுவிலும் நெஞ்சை நிமிர்த்தி.

“எங்க போறதுக்குங்க?”

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பியவர் நொண்டியபடியே இறங்கி, “வளைவுல நூத்தியறுவதுல படுத்து எந்திரிச்சேன். லேசா ஒரசிப்போட்டுது” என்றார். சுரேந்தரின் முகம் செத்துவிட்டது. வண்டியோடு சேர்த்து ஒரு தழும்பும் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

வீட்டில் புவனா காலுக்கு மருந்து போட்டாள். புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காங்கேயத்திலிருந்து சாயங்காலம் தேங்காய் கொண்டுவந்த ஆள் அவளிடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

“ஏனுங், நூத்தியறுவதுல உழுந்தா இப்படி இஸ்திரி போட்டாப்பல நேர்கோடாவா சுடும்?”

தம்பிதுரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “நீயே சொல்லு அம்மணி. கறுப்பா, பச்சையா?” என்றார்.

“எது உழுந்தா தூக்கறதுக்குச் சுளுவா இருக்குமோ, அத வாங்குங்க.”

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். அவர் அன்றைக்கே பத்திரிகைகளை விரித்துவைத்து, ஒரு மாதமாகக் கண்ணில் படாத ஒரு வரியைத் தேடிப் படித்தார். கறுப்பு பத்துக் கிலோ குறைவு. அந்தப் பத்துக் கிலோவில் ஆடி மாதம் முழுக்க நடந்த யுத்தம் முடிந்தது. கறுப்பு கணபதிக்கு வந்தது. பச்சை அவிநாசிக்குப் போனது.

கல்யாண வீடுகளில் அவர் கதை நூற்றறுபதிலிருந்து இருநூறுக்கு ஏறியது. தன்னைத் தூக்கிவிட்டவர்கள் யார் என்ற இடம் மட்டும் ஒருநாளும் கதைக்குள் வரவில்லை. மதிவதனி படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு, தன் அம்மாவைக் களைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, “இந்தக் காலத்துல ஆளுக கெடைக்கறதே கஷ்டமா இருக்குதுங்க” என்று கிளப்பில் வருத்தப்பட்டார்.

ஞாயிறு தவறாமல் அவிநாசி ரோட்டில் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்க்கலாம். மணிக்கு முப்பத்தைந்தில் போகும். பின்னாலேயே ஓர் அம்பாசிடர் வரும். லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் காரிலிருந்து பவுண்டரி ஆட்கள் இரண்டு பேர் குதித்து ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் தம்பிதுரை, கறுப்புக் கண்ணாடியும் ஜாக்கெட்டுமாக, இரண்டு காலும் தரையில் படாமல், நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.